வான்வழித் தொலைவும் வன்னியின் பயணக்காலமும்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு இயற்கை வகுத்தது. அதனைக் கடக்கும் காலமோ வரலாறு வகுப்பது. இவ்வுண்மையை வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் ‘சீதாதேவி’ என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அன்று காங்கேசன்துறை நிலையம் எனப்பட்டது பலாலியே. இம்மூன்று நிலையங்களும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்தவை. நேர்கோட்டில் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே ஏறத்தாழ 330 கிலோமீற்றர்; பலாலிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து சென்னை செல்வோனுக்குப் பலாலி பாதிவழி எனலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை பலாலியில் மட்டுமன்றி வவுனியாவிலும் விமானத்தளம் அமைத்திருந்தது. போரின் பின் பலாலி பயணிகளுக்கு உரியதாயிற்று; வவுனியா அவ்வாறு வளரவில்லை. பிற்காலத்தில் இரணைமடுவில் விடுதலைப் புலிகள் அமைத்த ஓடுபாதையும் போருக்கே பயன்பட்டது. எனவே வன்னி மக்களின் பயணம் 1905இல் நிறைவுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையையும் கண்டி வீதியையுமே சார்ந்திருந்தது. 1956இல் தொடங்கிய ‘யாழ்தேவி’ அவர்களைத் தலைநகருடன் இணைத்தது.

1990இல் வடபகுதிப் புகையிரதச் சேவை தடைப்பட்டது. கண்டி வீதியும் மூடுண்டது. 2002இல் திறக்கப்பட்டு 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தவர்க்கு இரத்மலானை விமானமாவது இருந்தது. அதுவும் அச்சம் நிறைந்த வழியே. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் கடலில் வீழ்த்தப்பட்டு 55 பேர் மாண்டனர். வன்னியில் வாழ்ந்தோர்க்கோ அவ்வழியும் இல்லை.

கிளிநொச்சியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 400 கிலோமீற்றரே. ஆயினும் பலாலியிலிருந்து பன்னாட்டுச் சேவை இல்லாத காலத்தில், அங்கு செல்ல விழைந்தோன் முதலில் தரைவழியே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தெற்கு நோக்கிக் கட்டுநாயக்காவுக்குச் செல்லவேண்டும். பின்னர் வடக்கு நோக்கி ஏறத்தாழ 640 கிலோமீற்றர் பறந்து, தன் ஊரின் அகலக்கோட்டையே மீளக் கடக்கவேண்டும். வான்வழிப் பயணம் ஒன்றரை மணிநேரத்துக்குள் அடங்கும். சோதனைச் சாவடியில் காத்திருந்த நேரத்தை எந்தக் கால அட்டவணையும் குறித்ததில்லை.

2009இல் போர் முடிந்தது. 2013இல் புகையிரதம் கிளிநொச்சியை அடைந்தது. 2015இல் காங்கேசன்துறையை எட்டியது. 2019 ஒக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றினால் 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. இதனால் கிளிநொச்சியான் ஏறவேண்டிய விமான நிலையம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் அண்மைக்கு வந்தது.

இந்நெடுங்காலத்தில் ஊர்கள் இடம்பெயரவில்லை, கடலும் அகலவில்லை. மாறியது வழி ஒன்றே. ஆதலின் ஒரு மக்கட்கூட்டத்தின் அமைதியை அளக்க விரும்புவோர், அவர்கள் கடந்த தொலைவைவிட அதற்குச் செலவிட்ட காலத்தையே நோக்குதல் தகும்.