பல்கலைக்கழக வாசலும் நாமும்

எமது சங்கம் தொடங்கிய காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. 1921இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி தானாகப் பட்டம் வழங்கவில்லை; லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. கேம்பிரிட்ஜ் சீனியர், லண்டன் மற்றிக்குலேசன் என்ற சொற்களை எமது மூத்த தலைமுறை அக்காமார் வாயிலிருந்து கேட்டிருப்போம். வினாத்தாள் கப்பலில் வந்தது, விடைத்தாள் கப்பலில் போனது, பெறுபேறு வர மாதக்கணக்கானது. அதில் யாருக்கும் பாரபட்சம் காட்டப்பட்டதென்று எவரும் சொல்லவில்லை. திருத்துகிறவருக்கு எழுதியவர் யாழ்ப்பாணமா காலியா என்பது தெரியாது.

ஆனால் அந்தப் பரீட்சை மண்டபத்துக்குள் போக ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலப் பாடசாலைக்குச் சம்பளம் கட்ட வேண்டும். சுயபாஷைப் பாடசாலைகளில் சம்பளம் இல்லை, ஆனால் அங்கிருந்து மேலே செல்லும் பாதையும் இல்லை. ஒரே ஊரில், ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று கேம்பிரிட்ஜ் எழுதும், மற்றது ஐந்தாம் வகுப்போடு நிற்கும். 1824இலேயே உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய மண் இது என்று நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படத்தான் வேண்டும். மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்த 1892ஆம் ஆண்டளவில், அதற்குள் போகக்கூடிய ஆங்கிலம் படித்த பெண்கள் இங்கே இருந்தார்கள். மிசனரிமாரும் அவர்களுக்குப் போட்டியாகச் சைவப் பெரியோரும் கட்டிய பாடசாலைகள் தந்த வசதி அது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பிறந்த பெண்பிள்ளைக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திராது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் தொள்ளாயிரம் பேரளவுதான். போதனை ஆங்கிலத்தில். நாட்டில் ஆங்கிலம் எழுத வாசிக்கத் தெரிந்தவர்களோ நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வியும், மத்திய கல்லூரிகளும், பின்னர் வந்த தாய்மொழிக் கல்வியும் அந்த மதிலை உடைத்தன. அதன் பலன் இருபது வருடங்களுக்குள் தெரிந்தது. பரீட்சை எழுதுவோர் தொகை பல மடங்கானது. விஞ்ஞானப் பீடங்களின் இடங்களோ அந்த வேகத்தில் பெருகவில்லை. பின்னர் நடந்த அத்தனைக்கும் அடிப்படை இதுதான் என்று நாம் நினைக்கிறோம்: வாசல் அதே அகலம், வெளியே நிற்பவர்கள் பல மடங்கு.

எமது கல்லூரியின் நல்ல காலமும் அதுதான். விஞ்ஞான ஆய்வுகூடம், பௌதிகமும் இரசாயனமும் படிப்பிக்கப் பட்டதாரி ஆசிரியைகள், தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதி. செய்முறைப் பரீட்சையும் இருந்த நாட்களில் ஆய்வுகூடம் உள்ள பாடசாலைக்கும் இல்லாத பாடசாலைக்கும் இருந்த இடைவெளியைச் சொல்லத் தேவையில்லை. 1969/70 கல்வியாண்டில் பொறியியல், மருத்துவ பீடங்களுக்குத் தெரிவானோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமிழர். பெரும் பகுதியினர் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போனவர்கள்.

அடுத்து வந்ததை எழுபதுகளில் உயர்தர வகுப்பில் இருந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பரீட்சகர் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளப்பப்பட்டது. அதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. ஆயினும் 1971 அனுமதியில் மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வந்தது. நான்கு பாடங்களுக்கு 400 புள்ளிகளில், மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலம் 229, தமிழ் மொழிமூலம் 250. பொறியியலுக்கு 227, 250. 240 எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தாள். அவளைவிடப் பத்துப் புள்ளி குறைய எடுத்தவர் பேராதனைக்குப் போனார். இதை எந்த நியாயத்தாலும் மூடிவிட முடியாது. வறுமையையோ பாடசாலையின் வசதியையோ பார்த்து இந்தக் கோடு கீறப்படவில்லை. கொழும்பில் வசதியாக வாழ்ந்த சிங்கள மாணவருக்கும் சலுகை கிடைத்தது. ஆய்வுகூடமே காணாத வன்னித் தமிழ்ப் பிள்ளைக்கும் மேலதிகச் சுமை ஏறியது.

1973இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. 1975இல் பொறியியல் பீடத்தில் தமிழர் பங்கு ஏறக்குறைய ஏழில் ஒன்றாக விழுந்தது. மகனுக்காகக் காணியை ஈடு வைத்து லண்டனுக்கு அனுப்பிய வீடுகளில் மகள் அடுத்த முறையும் எழுதட்டும் என்றார்கள். அதுவும் சரிவராவிட்டால் கலியாணம். தரப்படுத்தல் இளைஞர்களைப் போராட்டத்துக்குத் தள்ளியது என்று எழுதப்பட்ட நூல்கள் பல. அதே வருடங்களில் படிப்பை விட்ட பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. இம்மலரில் அதற்கு ஒரு பந்தியாவது இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

ஆனாலும் மொழிவாரி வெட்டுப்புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் ஒன்றல்ல. எம்மவர் பேச்சில் இரண்டும் ‘தரப்படுத்தல்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. மாவட்ட முறையில் யாழ்ப்பாணம் இழந்தது, கொழும்பும் இழந்தது. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சிலருக்கு முதன்முறையாக மருத்துவ பீடம் கைக்கெட்டியது. அவர்களிடம் கேட்டால் எழுபதுகளின் கதை எங்கள் கதை மாதிரியே இருக்காது. மொழிவாரி முறை 1977 ஆட்சி மாற்றத்தின் பின் கைவிடப்பட்டது. மாவட்ட முறை விகிதங்கள் மாறி மாறி இன்றுவரை நிற்கிறது: கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள்.

யுத்த காலத்தில் இந்தக் கணக்கே தலைகீழானது. 1990க்குப் பின் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் விட்டு எரித்த விளக்கில் படித்து உயர்தரம் எழுதிய தொகுதிகள் எமது கல்லூரியில் பல. 1995 ஒக்ரோபரில் புத்தகங்களை விட்டுவிட்டு ஊரே வெளிக்கிட்டது. ஒருகாலத்தில் எமக்கு நட்டமாகத் தெரிந்த மாவட்ட முறைதான் அந்த வருடங்களில் எமது பிள்ளைகளின் இடத்தைக் காப்பாற்றியது. கொழும்புப் பிள்ளையோடு நேருக்கு நேர் புள்ளிக்குப் புள்ளி நிறுத்தியிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

2001இலிருந்து இசட் புள்ளி. கடினமான பாடத்துக்கும் இலகுவான பாடத்துக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அது சரிசெய்கிறது. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகக் கணக்கிட்டதால் உயர் நீதிமன்றம் வரை போனதும் நினைவிருக்கும். ஆனால் எந்தப் புள்ளிமுறையும் ஒரு பாடசாலையில் இரசாயன ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. நாட்டிலுள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் உள்ள 1ஏபி பாடசாலைகள் பத்தில் ஒன்றளவுதான். மற்றவற்றில் படிக்கும் பிள்ளை பதினாறு வயதில் வீட்டை விட்டு நகரத்துக்கு வரவேண்டும், அல்லது கிடைக்கும் பாடத்தைப் படிக்க வேண்டும். பெண்பிள்ளையானால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. மாவட்ட வெட்டுப்புள்ளி குறைவாக உள்ள இடங்களில் பதிந்து பரீட்சை எழுத வடக்கிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோவது நீண்டகாலப் பழக்கம். நுவரெலியாவிலும் பதுளையிலும் மலையகப் பெற்றோர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். குறித்த மாவட்டத்தில் மூன்று வருடம் படித்திருக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்க ஆளில்லாமல் ஒப்பேற்றிய பிள்ளையின் இடத்தை, பெயர்பெற்ற ரியூட்டரியில் படித்த எங்கள் பிள்ளை எடுத்துக்கொண்டால், 1971இல் நாம் கேட்ட கேள்வியை இப்போது அவள் எங்களிடம் கேட்கலாம்.

இன்று பல்கலைக்கழகங்களில் மாணவிகள்தான் பெரும்பான்மை. பொறியியலில் மட்டும் இன்னும் குறைவு. எமது கல்லூரியிலிருந்து பௌதிகவியல் பிரிவுக்குப் போகும் பிள்ளைகள் குறைந்து வருவதை ஆசிரியைகளே சொல்கிறார்கள்.

நூற்றாண்டு நிதியில் நடக்கவுள்ள சனிக்கிழமை விஞ்ஞான, கணித வகுப்புகள் யாருக்கு என்பதில் நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது. எமது கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு பக்கம். உயர்தர விஞ்ஞானம் இல்லாத அயற்பாடசாலைகளின் மாணவிகளுக்கும் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட வேண்டும், தீவுப்பகுதிப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் செலவும் கொடுக்க வேண்டும் என்று மறுபக்கம். இக்கட்டுரையை எழுதிய நாங்கள் மறுபக்கத்தில் இருக்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் விடயம் வாக்கெடுப்புக்கு வரும். நேரில் வர இயலாத வெளிநாட்டுக் கிளை அங்கத்தவர்கள் தமது கருத்தைக் கூட்டத்துக்கு முன்னதாகச் செயலாளருக்கு எழுத்தில் அனுப்பிவையுங்கள்.