திருமுக்கூடல் ஆதுலசாலை

பழையசீவரத்து மலைமேல் நரசிங்கப்பெருமாளைச் சேவித்துத் திரும்புவோர், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சங்கமிக்கும் இடத்தின் எதிர்க்கரையில் திருமுக்கூடல் வேங்கடேசப்பெருமாள் ஆலயத்தைக் காணலாம். மாட்டுப்பொங்கலில் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் தலங்கள் என்ற அளவிலேயே பலர் அறிந்த இவ்விரு கரைகளுள், தென்கரைக்கு வைத்திய சரித்திரத்தில் தனியோர் இடமுண்டு.

1063 முதல் 1070 வரை அரசாண்ட வீரராஜேந்திர சோழனின் சாசனமொன்று, இவ்வாலயத்து ஜனநாத மண்டபத்தில் வேதமும் வியாகரணமும் பயின்ற மாணாக்கருக்கு உணவும், படுக்கப் பாயும், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெயும் விதித்ததோடு அமையாமல், அவர்களும் கோயிற் பணியாளரும் நோயுற்றால் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கென 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையையும் பேசுகின்றது.

கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவனுக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து சமைக்கும் இருவருக்கு 60 கலம். மருந்தூட்டும் பெண்டிர் இருவருக்கு 30 கலம். நாவிதனுக்கும் தண்ணீர் கொணர்வானுக்கும் தலைக்கு 15 கலம். வேதம் ஓதுவித்தவர் பெற்றது 60 கலமும், வியாகரண ஆசிரியர் பெற்றது 120 கலமும் ஆதலின், மருத்துவனின் அந்தஸ்து அவ்விருவர்க்கும் இடைப்பட்டது என்பதும், கத்தி பிடித்தவனின் ஊதியம் மூலிகை கொணர்ந்தவனின் நெல்லளவை விஞ்சவில்லை என்பதும் இக்கணக்கினின்று தாமே விளங்கும். வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம், பழநெய்யாகிய புராண கிருதம் என ஏறத்தாழ 20 மருந்துகள் ஆண்டுதோறும் சேமித்து வைக்கப்பட்டன. நோயாளி ஒருவனுக்கு நாள்தோறும் நாழி அரிசியும், சாலையில் இரவு எரிய விளக்கும் உண்டு.

சாசனம் கட்டடத்தின் அழகைப் புகழவில்லை. வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயினின்று எச்செலவு எவ்வளவு என்று வரையறுப்பதிலேயே கருத்தூன்றுகின்றது. அதுவே அதன் பெருமை எனலாம். சுவரெழுப்புதல் ஒருநாளைய கீர்த்திக்குப் போதும். சிகிச்சையோ நாள்தோறும் நிகழவேண்டுவது. ஆதலின், மருத்துவனுக்கு நெல் அளந்த தர்மம் தண்ணீர்க்குடம் சுமப்பவனுக்கும் மறவாது அளந்ததே அவ்வாதுலசாலைக்கு மெய்யான அஸ்திவாரம்.