'தசாவதாரம்' திரைப்படமும் கடல்வழி வரலாறும்: பினாங்கிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

கே. எஸ். ரவிகுமார் இயக்கத்தில், கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்த 'தசாவதாரம்' 2008 ஜூன் 13-இல் திரைக்கு வந்தது. மலேசியத் தமிழரும் அதனைத் திரையரங்குகளில் கண்டனர். பல கதையிழைகளை ஒன்றாகப் பின்னும் துணிவை ஒரு சாரார் பாராட்டினர். ஒப்பனையே மேலோங்கிக் கதை சிதறியது என மற்றொரு சாரார் குறை கூறினர். இப்படம் எடுத்தாளும் இரு வரலாற்று நிகழ்வுகளைப் பினாங்குக் கரையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தில்லைக் கோவிந்தராசர்

படத்தின் தொடக்கம் 12-ஆம் நூற்றாண்டுக்குரியது. இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) ஆணைப்படி, தில்லைத் திருமால் சிலையோடு இரங்கராச நம்பி என்னும் வைணவர் கடலில் வீசப்படுகிறார். நம்பி கற்பனைப் பாத்திரம். சிலை அகற்றப்பட்ட செய்தியோ அவ்வாறன்று. அரசவைப் புலவர் ஒட்டக்கூத்தர் அதனைத் தம் மன்னனின் புகழாகவே பாடியுள்ளார். வைணவ மரபோ அதனைத் துன்ப நிகழ்வாக நினைவுகூர்கிறது. 1539-இல் விசயநகர வேந்தர் அச்சுதராயர் அங்கு மீண்டும் கோவிந்தராசரை எழுந்தருளச் செய்தார். ஒரே நிகழ்வு இரு தரப்பாரிடம் இருவேறு வரலாறாக நிலைபெற்றதை இதனால் அறியலாம். படம் வெளிவருமுன் வைணவ அமைப்பொன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்ததும், நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்ததும் அப்பழம்பிணக்கின் தொடர்ச்சியே எனலாம்.

ஆழிப்பேரலை

படத்தின் இறுதிக்களம் 2004 டிசம்பர் 26. கதைப்படி, உயிர்க்கொல்லிக் கிருமியைக் கடலின் உப்புநீர் அழிக்கிறது. பேரழிவே பெரும் மக்கள்தொகையைக் காத்ததாகக் கதை முடிகிறது. மணற்கொள்ளையை எதிர்த்த பூவராகன், குழந்தைகளைக் காத்துத் தம்முயிரை இழக்கிறார். கதையிழைகள் ஒன்றுசேரும் இவ்விடமே பினாங்கு மக்களால் எளிதில் ஏற்கவியலாத இடமுமாகும். அன்று மலேசியாவில் மாண்ட 68 பேருள் 52 பேர் பினாங்கைச் சார்ந்தவர்கள். பத்து பெரிங்கி முதலிய கரைகளில் விடுமுறைநாளைக் கழிக்க வந்தோரை அலை வாரிச் சென்றது.

நாகப்பட்டினத்தைவிடப் பினாங்கே நிலநடுக்க மையத்திற்கு மிக அண்மையில் உள்ளது. எனினும் அலை நாகையை அடைந்து ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் கழித்தே பினாங்கை அடைந்தது. சுமத்திராத் தீவு இடையே அரணாக நின்றதும், மலாக்கா நீரிணையின் ஆழமின்மை அலையின் வேகத்தைக் குறைத்ததுமே இதற்குக் காரணங்கள். நிலநடுக்கத்திற்கும் அலை வருகைக்கும் இடையே நான்கு மணிநேரத்திற்கு மேல் இருந்தது. எச்சரிக்கை அமைப்பு இருந்திருப்பின் பலரைக் காத்திருக்கலாம். எனவே இவ்வுயிரிழப்பை விதி என்றோ மறைமுக நன்மை என்றோ கொள்வது பொருந்தாது. முன்னேற்பாட்டின்மையும் இதற்குக் காரணம் என்பதே வரலாறு உணர்த்துவது.

படத்தில் இல்லாத இழை

நாகையையும் கெடாவையும் அவ்வலை ஒரே நாளில் தாக்கியது. இவ்விரு கரைகளுக்கும் இடையிலான உறவு மிகப் பழையது. கடாரத்தரசன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஊர் வழங்கியதை ஆனைமங்கலச் செப்பேடு கூறுகிறது. அவன் மகன் இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மீது படையெடுத்தான். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் மீண்டும் கடாரத் தூதர் சோழ அவைக்கு வந்தனர். கொடையும் போரும் தூதும் ஒரே கடல்வழியில் நிகழ்ந்துள்ளன. சோழர் காலத்தையும் 2004-ஐயும் கடலால் இணைத்த இப்படம் தமிழகக் கரையோடு நின்றுவிட்டது. கடலின் இக்கரை அதில் இடம்பெறவில்லை.

முடிவுரை

சிதறிய நிகழ்வுகளுக்கிடையே தொடர்பு தேடத் தூண்டியது 'தசாவதாரம்' படத்தின் சிறப்பாகும். அத்தொடர்புக்குச் சான்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமையாகும். 2004-ஐ நேரில் கண்டோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். கெடாவின் கோத்தா குவாலா மூடாவில் சுனாமி நினைவகம் உள்ளது. பினாங்குக் கரையோர மக்களின் நினைவுகளும் அவர்தம் சொற்களிலேயே தமிழில் பதிவுபெற வேண்டும். காலம் கடப்பின், ஒட்டக்கூத்தர் பாடலைப் போல ஒரு தரப்புச் சொல்லே வருங்காலத்தார்க்கு எஞ்சும்.