பாட்டுக்குள்ளே ஒரு குறும்படம்

மலர்க் குழுவினர் பழைய நினைவுகளை எழுதச் சொன்னார்கள். நான் கொஞ்சம் சரித்திரமும் கலந்து எழுதுகிறேன்; நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மியூசிக் வீடியோ என்பது எம்.டி.வி.யைப் பார்த்து நாம் கற்றுக்கொண்ட சமாச்சாரம் என்று இன்றைய மாணவர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த எம்.டி.வி. தொடங்கியதே 1981-ல்தான். இங்கே 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வந்தபோதே, கதைக்குச் சம்பந்தமில்லாத டி.பி.ராஜலட்சுமியின் குறத்தி நடனத்தையும் அதோடு சேர்த்துக் காட்டினார்கள். ஆனால் அப்போதெல்லாம் நடிகர்களே பாட வேண்டும், அதுவும் மைக் எட்டும் தூரத்தில் நின்று. ஏ.வி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' (1938) படத்தில் பின்னணிப் பாட்டு வந்தது. பாட்டை முதலில் பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, வாயசைத்தால் போதும் என்றானதும் காமிராவுக்குக் கால் முளைத்தது. ஒரு வரி மலையில், மறு வரி கடற்கரையில். இன்றைய மியூசிக் வீடியோவும் பெரும்பாலும் இந்த முறைதான்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கினாலும், 'ஒளியும் ஒலியும்' கொடைக்கானல் கோபுரம் வழியாக சாத்தூரில் எங்க தெருவுக்கு வந்தது பிற்பாடுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி. இருக்கிற வீட்டில் கூட்டம் அள்ளும். தீப்பெட்டிக் கூடு ஒட்டுற பெண்கள் பசைக் கிண்ணத்தோடவே வந்து உட்காருவாங்க. கண்ணு திரையில, கை கூட்டில. பார்க்காத படத்துப் பாட்டு வந்தால், "ஏன்க்கா இவ அழுவுறா?" என்று ஒருத்தி கேட்பாள். "மாப்பிள்ளை துபாய் போயிருப்பான்டி" என்று பதில் வரும். நாலு நிமிஷத்தில் முழுக் கதை தயார்! இரண்டரை மணி நேரப் படத்திலிருந்து வெட்டிய துண்டு, தனிக் குறும்படமானது அந்தத் திண்ணையில்தான் என்பேன்.

சினிமாவே இல்லாத பாட்டுப்படம் 1997-ல் வந்தது. சுதந்திரப் பொன்விழாவுக்கு ஏ.ஆர்.ரகுமானும் பரத்பாலாவும் செய்த 'வந்தே மாதரம்'. பிறகு 2015-ல் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாட்டு, கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றியது. 2001-லேயே மூடிய தொழிற்சாலை அது. பாட்டு வந்த மறு ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஒப்பந்தம் போட்டது. தொழிலாளர்கள் பல வருஷம் போராடியதன் பலன் அது. பாட்டு அதை உலகத்தின் காதில் போட்டது. 2021-ல் அறிவும் தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யில், இலங்கைத் தேயிலைத் தோட்டம் போய்த் திரும்பியவர்களின் கதை ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கிவிட்டது.

நம்ம வட்டாரத்துக்கு வருகிறேன். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த பிள்ளைகளைப் பற்றி சலம் பென்னூர்கர் 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் எடுத்தார். ஒரு மணி நேரப் படம். நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? நாலு நிமிஷப் பாட்டாக இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்டு சேவுக்கடை வரைக்கும் வந்திருக்கும் என்பது என் கட்சி.

கூடு ஒட்டிய கைகள் சில இன்னும் எங்க தெருவில் இருக்கின்றன. வேலையோடு பாடிய பாட்டுகளும் அவர்களுக்கு மறக்கவில்லை. ரெண்டு பாட்டிமார் பாடத் தயார். செல்போனில் படம் பிடிக்கத் தெரிந்த தம்பி, தங்கைகள் விழா அன்று என்னைக் கேளுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன்.