பீப் ஒலிக்குறிகள்

பீப் ஒலிக்குறிகள் என்பவை, கணினிக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டவுடன் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போது குறை ஏதேனும் கண்டால், தாய்ப்பலகையுடன் இணைந்த சிறிய ஒலிபெருக்கி வழியாக எழுப்பும் எச்சரிக்கை ஒலிகள் ஆகும். இச்சோதனை மின்தொடக்கச் சுயசோதனை எனப்படும். சோதனையை நடத்துவது தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் நிலைபொருள் ஆகும். ஒலிகளின் எண்ணிக்கை, நீளம், இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு எந்த உறுப்பில் குறை உள்ளது என்பதை ஓரளவு அறியலாம். தனித்தனி உறுப்புகளை வாங்கிப் புதிதாகப் பொருத்திய கணினிகளில் இவ்வொலிகள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. அத்தகைய நேரங்களில் பெரும்பாலும் உறுப்பு பழுதாகியிருப்பதில்லை. சரியாகப் பொருத்தப்படாமலே இருக்கும்.

ஒலிக்குறிகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தரம் எதுவும் இல்லை. ஒரே ஒலி இரு தாய்ப்பலகைகளில் இரு வேறு பொருள் தரக்கூடும். ஆகவே ஒலியை எண்ணுவதற்கு முன் பயாசை உருவாக்கியவர் யார் என்று அறிவது இன்றியமையாதது.

வரலாறு

1981 ஆகத்து மாதம் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 5150 என்னும் தனிமேசைக் கணினியிலேயே இம்முறை இருந்தது. அக்கணினி சோதனை முடிந்து எல்லாம் சரியாக இருந்தால் ஒரு குறுகிய ஒலி எழுப்பும். இவ்வழக்கமே பின்னர் வந்த ஒத்தியல்புக் கணினிகளிலும் தொடர்ந்தது. ஐ.பி.எம். கணினியைப் போன்றே இயங்கும் கணினிகளைப் பிற நிறுவனங்கள் செய்யத் தொடங்கியபோது, அவற்றுக்கான பயாசை ஃபீனிக்ஸ், அவார்டு, அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் எழுதி வழங்கின. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஒலிப்பட்டியலை வகுத்துக்கொண்டது. 1998-இல் அவார்டு நிறுவனம் ஃபீனிக்சுடன் இணைந்தது. எனினும் அவார்டு பயாஸ் அதன் பெயரிலேயே பல ஆண்டுகள் தாய்ப்பலகைகளில் இடம்பெற்றது.

செயல்படும் முறை

மின்சாரம் வந்தவுடன் செயலி, பயாஸ் பதியப்பட்ட படிப்பு நினைவகத்திலிருந்து முதல் கட்டளையை எடுக்கிறது. 1981-ஆம் ஆண்டுக் கணினியில் அதன் முகவரி 1 மெகாபைட் எல்லைக்கு 16 பைட்டுகள் கீழே அமைந்திருந்தது. அந்நேரத்தில் தற்காலிக நினைவகமான ராம் இன்னும் சோதிக்கப்பட்டிருக்காது. வரைகலை அட்டையும் தொடங்கப்பட்டிருக்காது. எனவே திரையில் எழுத்து எதையும் காட்ட இயலாது.

ஒலிபெருக்கியை இயக்கவோ மிகக் குறைந்த உறுப்புகளே போதும். காலங்காட்டிச் சில்லு ஒன்று சதுர அலையை உண்டாக்கும். ஒரு வாயிலில் இரண்டு பிட்டுகளை மாற்றினால் அந்த அலை ஒலிபெருக்கியை அடையும். ஐ.பி.எம். கணினியில் இப்பணியை இன்டெல் 8253 சில்லின் மூன்று எண்ணிகளில் ஒன்று செய்தது. இதற்கு ராமில் ஒரு பைட் கூடத் தேவையில்லை; செயலியின் பதிவகங்களே போதும். நினைவகமும் திரையும் இல்லாத நிலையில் கணினி பயன்படுத்துபவரிடம் பேசுவதற்கு எஞ்சியிருந்த எளிய வழி ஒலியே. திரை இயங்கத் தொடங்கிய பின் காணப்படும் குறைகள் பொதுவாக எழுத்தாகவே காட்டப்படுகின்றன.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. ஒலி கேட்கிறது என்றால் மின்வழங்கி, செயலி, பயாஸ் சில்லு ஆகிய மூன்றும் ஓரளவேனும் இயங்குகின்றன. மேலும், சோதனை வன்தட்டிலிருந்து இயங்குதளத்தை ஏற்றும் கட்டத்தை இன்னும் எட்டவில்லை. ஆகவே தொடக்கத்தில் எழும் ஒலியைக் கேட்டு வன்தட்டில் உள்ள கோப்புகள் அழிந்துவிட்டன என்று அஞ்சவோ, இயங்குதளத்தை மீண்டும் நிறுவவோ தேவையில்லை.

ஒலிகளின் பொருள்

ஐ.பி.எம். மூலப் பட்டியல்
- ஒரு குறுகிய ஒலி: குறை இல்லை
- இரண்டு குறுகிய ஒலிகள்: குறை உண்டு, விவரம் திரையில் காட்டப்படும்
- ஒரு நீண்ட, ஒரு குறுகிய ஒலி: தாய்ப்பலகை
- ஒரு நீண்ட, இரண்டு குறுகிய ஒலிகள்: திரை அட்டை
- விடாத ஒலி: மின்வழங்கி அல்லது தாய்ப்பலகை

அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், பழைய பட்டியல்
- 1 ஒலி: நினைவகப் புதுப்பித்தல்
- 2 ஒலிகள்: நினைவகச் சமநிலைப் பிழை
- 3 ஒலிகள்: முதல் 64 கிலோபைட் நினைவகம்
- 4 ஒலிகள்: காலங்காட்டி
- 5 ஒலிகள்: செயலி
- 6 ஒலிகள்: விசைப்பலகைக் கட்டுப்படுத்தி
- 8 ஒலிகள்: திரை நினைவகம்
- 9 ஒலிகள்: பயாஸ் சில்லின் கூட்டுச் சரிபார்ப்பு

அவார்டு
- ஒரு நீண்ட, இரண்டு குறுகிய ஒலிகள்: வரைகலை அட்டை
- திரும்பத் திரும்ப வரும் ஒலி: பெரும்பாலும் நினைவகம்
- உயர்ந்தும் தாழ்ந்தும் மாறிவரும் ஒலி: செயலி, அல்லது அதன் வெப்பம்

ஃபீனிக்ஸ் நிறுவனம் ஒலிகளைத் தொகுதிகளாகப் பிரித்தது. எடுத்துக்காட்டாக 1-3-1-1 என்பது ஓர் ஒலி, சிறு இடைவெளி, மூன்று ஒலிகள், பின்னர் ஒவ்வோர் ஒலியாக இருமுறை என்று பொருள்படும். இது நினைவகப் புதுப்பித்தல் குறையைக் குறிக்கும். டெல் கணினிகள் பலவற்றில் 2 ஒலிகள் நினைவகம் காணப்படவில்லை என்பதையும், 4 ஒலிகள் நினைவகப் பழுதையும், 5 ஒலிகள் கடிகார மின்கலத்தையும் குறிக்கின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகள் பலவற்றில் ஐந்து நொடிக்கு ஒருமுறை வரும் ஒற்றை ஒலி நினைவகம் பொருத்தப்படவில்லை என்பதைக் குறிக்கும்.

பட்டியல்களிடையே முரண்பாடு

ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் ஐ.பி.எம்., அவார்டு பட்டியல்களில் திரை அட்டையைக் குறிக்கின்றன. ஆசுஸ் நிறுவனத்தின் பிற்காலத் தாய்ப்பலகைகளிலோ அதே ஒலி நினைவகம் காணப்படவில்லை என்று பொருள்படும். திரை அட்டை காணப்படாமைக்கு அங்கு ஒரு நீண்ட ஒலியும் மூன்று குறுகிய ஒலிகளும் தரப்பட்டுள்ளன. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்சின் பழைய பட்டியலில் அந்த மூன்று குறுகிய ஒலிகள் கொண்ட குறி நினைவகத்தையே சுட்டியது. தவறான பட்டியலைப் பார்த்தவர், நல்ல நிலையில் உள்ள வரைகலை அட்டையைக் கழற்றி விலை கொடுத்து வேறொன்று வாங்கிய பின்னும் அதே ஒலியையே கேட்க நேரிடும். தாய்ப்பலகையுடன் வரும் கையேட்டில் உள்ள பட்டியலே நம்பத்தக்கது.

புதிதாகப் பொருத்திய கணினியில் காரணம் அறிதல்

முதலில் ஒலியைக் குறைந்தது மூன்று முறை கேட்டு, நீண்டவை எத்தனை, குறுகியவை எத்தனை, இடைவெளி எங்கே என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். பல பலகைகள் அதே குறியைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதால், தொடக்கம் எது என்று அறியாமல் எண்ணினால் பிழை நேரும். நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் ஒலியே தொடக்கம் ஆகும். பின்னர், ஒவ்வொரு முறையும் மின்வழங்கியை அணைத்து, இணைப்புக் கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, கீழ்க்காணும் வரிசையில் சோதிக்கலாம்.

1. நினைவகம்: ராம் பலகையைக் கழற்றி, செருகுவாயில் உள்ள பள்ளம் பொருந்துமாறு வைத்து, தாழ்ப்பாள் தானே மூடும்வரை இரு முனைகளையும் அழுத்த வேண்டும். ஒரு முனை மட்டும் ஏறி நிற்பது மிகவும் பரவலான தவறு. நான்கு செருகுவாய்கள் உள்ள பல பலகைகளில், இரண்டு ராம் பலகைகளைச் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துமாறு கையேடு கூறும்.

2. ஒற்றை ராம் பலகை: ஒலி தொடர்ந்தால் ஒன்றை மட்டும் விட்டுப் பிறவற்றை எடுத்துவிட வேண்டும். அதே ராம் பலகையை வேறு செருகுவாயிலும், வேறு ராம் பலகையை அதே செருகுவாயிலும் மாற்றிப் பார்த்தால், குறை ராமிலா செருகுவாயிலா என்பது பிரிந்து தெரியும்.

3. வரைகலை அட்டை: அட்டை முழுவதும் இறங்கியுள்ளதா, அதற்கான தனி மின்கம்பி செருகப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். எஃப் என்னும் எழுத்தில் முடியும் பெயருடைய இன்டெல் செயலிகளிலும், ரைசன் செயலிகள் பலவற்றிலும் உள்ளமைந்த வரைகலை வசதி இல்லை. இவற்றைத் தனி அட்டை இன்றிப் பொருத்தினால் பலகை திரை அட்டை இல்லை என்றே ஒலிக்கும். அது பழுது அன்று.

4. வெப்பம்: செயலியின் விசிறி அதற்குரிய முனையில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வெப்பக்கடத்தியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் பாதுகாப்புத் தாளை அகற்றாமல் பொருத்துவதும் உண்டு. கணினி தொடங்கிச் சற்று நேரம் கழித்து எழும் ஒலிக்கு இதுவே முதல் ஐயப்பாடு.

5. குறைந்த உறுப்புகளுடன் தொடங்குதல்: மேற்கண்டவற்றால் பயன் இல்லையெனில் செயலி, அதன் விசிறி, ஒரு ராம் பலகை, மின்வழங்கி, ஒலிபெருக்கி ஆகியவற்றை மட்டும் இணைத்து இயக்க வேண்டும். பின்னர் ஒவ்வோர் உறுப்பாகச் சேர்த்து வந்தால், ஒலி மாறும் இடத்தில் காரணம் புலப்படும்.

ராம் முழுவதையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டு இயக்கிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. அப்போது நினைவகத்திற்குரிய ஒலி எழுந்தால் தாய்ப்பலகையும் செயலியும் இயங்குகின்றன என்று கொள்ளலாம்.

கணினியிலிருந்து வராத ஒலிகள்

கணினி மேசையில் கேட்கும் ஒலி எல்லாம் தாய்ப்பலகையின் ஒலி அன்று. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் யு.பி.எஸ். கருவி, மின்தடையின்போது சில நொடிகளுக்கு ஒருமுறை ஒலிக்கும். மின்கலம் தீரும் தறுவாயில் விரைந்து ஒலிக்கும். சுமை மிகுந்தால் பல கருவிகள் விடாது ஒலிக்கும். 600 வி.ஏ. எனக் குறிக்கப்பட்ட வீட்டுக் கருவி பொதுவாக ஏறத்தாழ 360 வாட் மட்டுமே தரவல்லது. பழைய கணினிக்குப் போதுமானதாக இருந்த அக்கருவியில், ஆற்றல் மிக்க வரைகலை அட்டை கொண்ட புதிய கணினியை இணைத்தால், விளையாட்டு தொடங்கியவுடன் எச்சரிக்கை எழுவது இயல்பே. கணினியை அணைத்த பின்னும் ஒலி நீடித்தால் அது யு.பி.எஸ். கருவியின் ஒலி என்று அறியலாம். சுமை மிகும்போது மட்டும் எழும் ஒலியை, கருவியின் அருகில் காதை வைத்துக் கேட்டே பிரித்தறிய வேண்டும்.

2000-களில் வந்த சில வரைகலை அட்டைகள், தனி மின்கம்பி இணைக்கப்படாதபோது தம்மிடமுள்ள ஒலியெழுப்பி வழியாகவே ஒலித்தன. விசைப்பலகையில் ஏதேனும் விசை அழுந்தியபடி இருந்தாலும் ஒலி எழும். பயாசின் விசைத் தாங்ககம் 15 விசையழுத்தங்களையே ஏற்கும். அது நிரம்பிய பின் வரும் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒரு பீப் ஒலி கேட்கும். விசைப்பலகையின் மேல் புத்தகம் ஒன்று சாய்ந்திருப்பதும் இதற்குப் போதும்.

கடலோரப் பகுதிகளில்

காரைக்கால் மாவட்டத்தின் கோட்டுச்சேரி, அதற்கு வடக்கே உள்ள தரங்கம்பாடி, தெற்கே உள்ள நாகப்பட்டினம் போன்ற காவிரிக் கழிமுகக் கடலோர ஊர்களில் காற்று ஈரப்பதமும் உப்பும் கொண்டது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் மேலும் மிகும். ராம் பலகையின் தொடுமுனைகள் மீது தங்கப் பூச்சு உள்ளது. தங்கம் அரிக்கப்படுவதில்லை எனினும், மெல்லிய பூச்சில் உள்ள நுண்துளைகள் வழியாக அடியில் உள்ள நிக்கலும் செம்பும் அரிக்கப்பட்டு, தொடுமுனையில் மின்தடை உண்டாகலாம். நன்றாக இயங்கிவந்த கணினி சில நாள் பயன்படுத்தாமல் விட்ட பின் நினைவக ஒலி எழுப்புவதற்கும், ராமைக் கழற்றி மாட்டியவுடன் சரியாவதற்கும் இது ஒரு காரணம்.

இத்தகைய நேரத்தில் தொடுமுனைகளை அழிப்பான் கொண்டு தேய்ப்பது கணினி பழுதுபார்ப்போரிடையே பரவலான வழக்கம். இது உடனடிப் பயன் தந்தாலும், அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சும் தேயும்; பின்னர் அரிப்பு விரைவுபடும். அழிப்பானின் துகள் செருகுவாயில் விழுந்து புதிய குறையை உண்டாக்குவதும் உண்டு. பஞ்சு ஒட்டாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலைத் தொட்டு மெல்லத் துடைத்து, முற்றும் உலர்ந்த பின் பொருத்துவதே ஏற்றது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துவரப்பட்ட உறுப்புகளின் மேல் நீர் படியக்கூடும் என்பதால், அவற்றைச் சிறிது நேரம் உறைக்குள்ளேயே வைத்திருந்து பின்னர் பொருத்துவது நல்லது.

ஒலியே எழாத நிலை

ஒலி கேட்கவில்லை என்பதால் குறை இல்லை என்று கொள்ள இயலாது. செயலிக்கு மின்சாரம் தரும் 8 முனைக் கம்பி இணைக்கப்படாவிட்டால் விசிறிகள் சுழலும். ஆனால் சோதனையே தொடங்காது. புதிய செயலியை அறியாத பழைய பயாஸ், செயலிக் குழியில் வளைந்த முனைகள், பெட்டியின் உலோகத்தில் தாய்ப்பலகை உராய்வதால் உண்டாகும் குறுக்குச்சுற்று ஆகியவையும் இவ்வாறே அமைதியை உண்டாக்கும். எளிய காரணம் ஒன்றும் உண்டு: பெட்டியில் ஒலிபெருக்கியே இல்லாதிருக்கலாம். இன்றைய பெட்டிகள் பலவற்றுடன் அது தரப்படுவதில்லை. தாய்ப்பலகையில் ஸ்பீக்கர் எனக் குறிக்கப்பட்ட நான்கு முனை இடத்தில் சிறிய ஒலிபெருக்கியைத் தனியே வாங்கிப் பொருத்தலாம்.

டி.டி.ஆர். 5 வகை நினைவகம் கொண்ட கணினிகள் முதல்முறை தொடங்கும்போது நினைவகத்திற்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொள்வதால், சில நிமிடங்கள் வரை திரை வெறுமையாக இருக்கலாம். இதனைப் பழுது எனக் கருதி இடையில் அணைத்துவிடக் கூடாது.

இன்றைய நிலை

பயாசின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய நிலைபொருள் பெற்றுள்ளது. அதிலும் ஒலிக்குறிகள் முற்றிலும் மறையவில்லை. எனினும் பல தாய்ப்பலகைகளில் செயலி, நினைவகம், திரை, தொடக்கம் ஆகிய நான்குக்கும் தனித்தனிச் சிறு விளக்குகள் அமைக்கப்பட்டுள்ளன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்த உறுப்பில் சோதனை தடைப்பட்டுள்ளது என்று பொருள். விலை மிகுந்த பலகைகளில் இரண்டு இலக்கக் குறியெண் காட்டியும் உண்டு. பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் சோதனை அட்டை, பதினறும முறையில் 80 எனக் குறிக்கப்படும் வாயிலுக்குப் பயாஸ் அனுப்பும் இதே வகை எண்களைப் படித்துக் காட்டுகிறது. இவ்விளக்குகளும் எண்களும் சோதனை நின்ற இடத்தையே காட்டுகின்றன. நின்றதற்கான காரணத்தை, ஒலியைப் போலவே, உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- தாய்ப்பலகை
- பயாஸ்
- தற்காலிக நினைவகம்
- மின்வழங்கி
- யு.பி.எஸ்.