ஆணியின்றித் தைத்த படகுகள்

படகு கட்டுவது தலைமுறை தலைமுறையாய்த் தொழில் பயின்ற தச்சர்களுக்கே உரியது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், உளி பிடித்தறியாத சாமானியர்கள் தம் வீட்டிலேயே மரப்படகு செய்து நீரில் இறக்கிய வரலாறு ஒன்று உண்டு. 1963-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய அவ்வரலாற்றை வாசகர்களின் பார்வைக்கு வைக்க விரும்புகிறோம்.

அதற்கு முன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். அந்தலுஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், ஹிஜ்ரி 579-இல் (கி.பி. 1183) செங்கடலின் ஐதாப் துறைமுகத்திலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்தார். அங்கு ஓடிய படகுகளைத் தம் பயண நூலில் விவரித்துள்ளார். அவற்றில் ஓர் ஆணியும் இல்லை. தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து, இடுக்குகளில் பேரீச்ச மரச் சிராய்களை அடைத்து, எண்ணெய் பூசினார்கள். சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் சென்றனவாம்! நமது சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் இவ்வாறு தைக்கப்பட்டவையே. சென்னையில் துறைமுகம் அமையும் முன் கப்பலில் வந்தோரைக் கரை சேர்த்தவை அவைதாம். அலை மோதுகையில் ஆணி அடித்த பலகை பிளந்துவிடும்; தைத்த பலகையோ வளைந்து கொடுக்கும்.

ஐதாபின் படகு உரிமையாளர்களைப் பற்றி இப்னு ஜுபைர் மனம் நொந்து எழுதுகிறார். படகின் விலையை ஒரே பயணத்தில் ஈட்டிவிட எண்ணி, ஹாஜிகளைக் கோழிக்கூண்டில் அடைப்பதுபோல் நெருக்கி ஏற்றினார்களாம். கூலிக்கு ஓட்டுபவனின் கணக்கு அது. தன் பிள்ளையை ஏற்றப்போகும் படகைத் தானே செய்பவனின் கவனம் வேறு.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். பாய்மரப் படகோட்டம் அந்நாளில் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. கென் லிட்டில்டைக் என்னும் ஆசிரியர் ஒட்டுப்பலகைத் துண்டுகளைத் தைத்துச் சிறு துடுப்புப் படகுகள் செய்துவந்தார். பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைக் கற்றுத்தந்து புகழ்பெற்ற பேரி பக்னல், அம்முறையைப் பாய்மரப் படகுக்குப் பயன்படுத்தினார். படகு வடிவமைப்பில் தேர்ந்த ஜாக் ஹோல்ட் அவருடன் கைகோத்தார். 'டெய்லி மிரர்' நாளிதழ் ஆதரவளிக்க, 'மிரர்' என்ற பெயருடன், சிவப்புப் பாயுடன் அப்படகு வெளிவந்தது. தொடக்க விலை 63 பவுன் 11 ஷில்லிங்.

செய்முறை எளிது, நமக்கு வியப்பளிப்பதும் அதுவே. வெட்டப்பட்ட பலகைகள் பெட்டியில் வந்து சேரும். விளிம்புகளிலுள்ள துளைகளில் செப்புக் கம்பித் துண்டுகளைக் கோத்து முறுக்க வேண்டும். முறுக்க முறுக்க, தரையில் தட்டையாய்க் கிடந்த பலகைகள் தாமே எழுந்து வளைந்து படகின் வடிவு பெறும். பின்னர் உட்புறத் தையலின்மீது கண்ணாடியிழை நாடாவை ஒட்டிப் பிசின் பூசுவார்கள். அது இறுகியதும் வெளியே நீட்டிய கம்பிகளை நறுக்கிவிட்டு, வெளிப்புறமும் நாடா ஒட்டுவார்கள். பலகைகளை வளைத்துப் பொருத்துவதற்கென்று தனி அச்சோ, தச்சனின் கைப்பழக்கமோ தேவைப்படவில்லை.

நீளம் 3.3 மீட்டர், உடற்பகுதியின் எடை ஏறத்தாழ 45 கிலோ. காரின் கூரையில் ஏற்றிச் செல்லலாம். முன்பக்கம் கூராக இல்லாமல் மழுங்கியிருப்பதால், சிறு படகாயினும் உள்ளே இடம் தாராளம். பாய்மரமும் குட்டையானது. அதன் மேல் இன்னொரு கழியை உயர்த்திப் பாயை விரிப்பார்கள். இறக்கிய பின் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர் படகுகள் இதுவரை உருவாகியுள்ளன. பிற்காலத்தில் முழுவதும் கண்ணாடியிழையாலான படகுகளும் வந்தன. மரப்படகு செய்தவர் அடையும் நிறைவை அவை தருமா என்பது ஐயமே.

இத்தகைய சிறு படகொன்றில் ஏ. ஜே. மெக்கின்னன் என்னும் ஆசிரியர், 1997-இல் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரிலிருந்து புறப்பட்டார். பாயும் துடுப்புமாக, தேம்ஸ் நதி வழியே சென்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, ரைன், டான்யூப் நதிகளினூடே கருங்கடல் முகத்துவாரத்திலுள்ள சுலினாவை அடைந்தார்.