அண்டால் இரசாயனக் கிடங்கு
மேற்கு வங்கத்தில், கொல்கத்தாவுக்கு வடமேற்கே, இன்றைய பஷ்சிம் பர்த்தமான் மாவட்டத்தில் இரண்டாம் உலகப்போரின்போது இயங்கிய அமெரிக்க இராணுவக் கிடங்கு. இங்கு வைத்திருந்தவற்றுள் கடுகு வாயுக் குண்டுகளும் அடங்கும். போர் முடிந்ததும், 1945இல், 100 பவுண்டு வகைக் கடுகு வாயுக் குண்டுகள் 16,000 வங்காள விரிகுடாவில் கொட்டப்பட்டதாக அமெரிக்க இராணுவப் பதிவுகள் கூறுகின்றன.

இத்தகைய பழைய கிடங்குகளின் ஆய்வு மண்வெட்டியோடு தொடங்குவதில்லை. சரக்குப் பதிவேடுகள், பழைய வரைபடங்கள், வான்படங்கள் ஆகியவற்றோடு தொடங்குகிறது. வந்த குண்டுகளுக்கும் வெளியேறியவற்றுக்கும் கணக்கு இடிக்கும் இடமே முதல் தடயம். பின்னர் காந்தமானியால் புதைந்த இரும்பைத் தேடுவர். மண்ணிலும் கிணற்றுநீரிலும் தயோடைகிளைக்கால் உள்ளதா எனச் சோதிப்பர்; கடுகு வாயு நீரில் சிதையும்போது உண்டாகும் பொருள் அது. குண்டு கிடைத்தால் திறக்காமலே, ஊடுகதிராலும் நியூட்ரான் கருவியாலும் உள்ளிருப்பதை அறிவர்.

பெயர் வாயு என்றாலும் கடுகு வாயு எண்ணெய் போன்ற திரவம். மேலே தடித்த படலம் கட்டி, அடியில் பல பத்தாண்டுகள் வீரியம் குன்றாமல் கிடக்கும். அதனால் 'பழையதுதானே' என்ற எண்ணம் மிக ஆபத்தானது.

1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கை, 1985க்கு முன் கடலில் கொட்டியவற்றை அறிவிக்க நாடுகளைக் கட்டாயப்படுத்தவில்லை. மீனவர் நலன் கருதினால் இது பெருங்குறை. இந்தியா தன் சொந்த இரசாயன ஆயுத இருப்பை 1997இல் அறிவித்து, 2009இல் முழுதும் அழித்தது.